நாலு நாள் காயாத தண்ணி

அத்தியாயம் 4

அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு எங்கள் துப்பறியும் ஆபீஸில் அவர் பேசியது எனக்கே பாதிதான் கேட்டது. யாருக்கோ நேரம் சரியில்லை என்று புரிந்துகொண்டேன். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த இந்தப் பதினாறு வருடத்தில் அந்தக் குரலை நான்கு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதில் இரண்டு தடவை என் அண்ணனுக்காக.

"திரும்பப் போடு" என்றார்.

செல்போனை மறுபடியும் தட்டினேன். ஓர் ஆணின் குரல், பின்னால் லாரிகள் போகும் சத்தம். "மொதலாளி, காலையில அஞ்சு மணிக்கே நல்லா தண்ணி அடிச்சிட்டுத்தான் கெளம்பினேன். வழியில ரெண்டு தடவ நிறுத்தி மறுபடியும் ஊத்தினேன். அப்பவும் பத்தல. இனிமே என்னால ஓட்ட முடியாது, சொல்லிட்டேன்."

"இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி ஒத்துக்குவாரு அண்ணி? தொட்டுக்க என்ன வெச்சுக்கிட்டாருன்னு மட்டும்தான் சொல்லல."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் பட்டப்பெயர் வாயாடி. நான் வாயை மூடுவது எங்கள் ஆபீஸில் ஒரு விசேஷ நிகழ்ச்சி.

குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு வாடகைக் கார் டிரைவர். பதினெட்டு வருட சர்வீஸ். டீ கூடக் குடிக்காமல் வெறும் பச்சைத்தண்ணியையே குடித்துக்கொண்டிருப்பதால் ஸ்டாண்டில் எல்லோரும் அவரைப் பச்சைத்தண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒரு டீச்சரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போனார். கார் தாறுமாறாக ஓடி ஒரு மண்மேட்டில் ஏறி நின்றது. டீச்சருக்கு இடது கை எலும்பு முறிந்தது. பச்சைத்தண்ணிக்குத் தாடை உடைந்து, வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த அமளியில் யாரும் அவர் ரத்தத்தைச் சோதிக்கவில்லை. சோதிக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றியபோது ஒரு நாள் கடந்துவிட்டது.

குடித்துவிட்டு ஓட்டினார் என்கிறார் கார் முதலாளி. ஆமாம் என்கிறார் டீச்சர். விபத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால், டீச்சரை ஏற்றப் போகிற வழியில், முதலாளிக்கு அவரே அனுப்பிய குரலும் அதைத்தான் சொல்கிறது. சனிக்கிழமையான இன்று மாலை நான்கு மணிக்கு டீச்சர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரில் கையெழுத்துப் போடுவார். அதோடு லைசென்ஸ் போகும். உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள்.

எங்களிடம் வந்தது அவர் மனைவி, தையல்கடைக்காரி. காப்பாற்றுங்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. "குடிச்சாரா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கக்கா" என்றாள். அவளுடைய அப்பா குடித்தே வீட்டை அழித்தவர். குடிக்காதவன் வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கழுத்தை நீட்டியவள். நான்கு நாளாக ஆஸ்பத்திரி வாசல்வரை போய், கஞ்சிப் பாத்திரத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். குடித்திருந்தால் உள்ளே அடி எடுத்து வைப்பதில்லை என்று சபதம். முதலாளி அந்தக் குரல் பதிவை அவளுக்கும் அனுப்பிவைத்திருந்தான். அந்த ஒரு காரியத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

முந்தின நாள் சாயந்திரம் நாங்கள் பச்சைத்தண்ணியைப் பார்க்கப் போயிருந்தோம். பேச முடியாதே என்று அண்ணி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். அவர் எழுதியது இரண்டே வரி. "தண்ணி அடித்தேன். குடிக்கவில்லை."

நான் சிரித்துவிட்டேன். மனிதர் என்னைப் பார்த்தார், பேனாவை இரண்டாக உடைத்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நேரம் முடிந்தது என்று நர்ஸ் எங்களை வெளியே தள்ளினாள். இன்று காலை அவருக்குத் தாடையில் ஆபரேஷன், சாயந்திரம்வரை மயக்கம். கேட்பதற்கு வேறு வழியில்லை.

"அந்த மனுஷன் பொய் சொல்லணும்னா 'அடிக்கல'ன்னுல்ல எழுதியிருப்பாரு" என்றார் அண்ணி, செருப்பை மாட்டிக்கொண்டே. "கிளம்பு. முதல்ல டீச்சர் வீடு."

அண்ணி இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தவர். பானெட்டைத் திறந்தால் அவருக்கு அது பஞ்சாங்கம் மாதிரி, எல்லாம் அதில் எழுதியிருக்கும். எனக்குக் காரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் எந்தப் பக்கக் கதவு நிழலில் இருக்கிறது என்பதுதான்.

டீச்சர் விஷயத்தில் எனக்கு வேறு ஒரு சங்கடம் இருந்தது. பத்தாம் வகுப்பில் எனக்குத் தமிழ் நடத்தியவர் அவர். இலக்கண வகுப்பில் நான் ஏதோ உதாரணம் சொல்லப்போய், ஒரு பீரியடு முழுக்க என்னை வெளியே நிற்க வைத்தார். என்ன உதாரணம் என்பது மறந்துவிட்டது. கால் வலித்தது மறக்கவில்லை.

கதவைத் திறந்ததுமே, "நீ இன்னும் வாயாடிக்கிட்டுத்தான் திரியிறியா?" என்று கேட்டார். இடது கையில் மாவுக்கட்டு. மேஜையில் நான்கு பக்கப் புகார், ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லாமல். அந்த எழுத்திலேயே கோபம் தெரிந்தது, பேனா சில இடங்களில் தாளைக் கிழித்திருந்தது.

அண்ணி பொறுமையாகக் கேட்டார். டீச்சர் பொறுமையில்லாமல் சொன்னார். அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும், அதனால் முன்னால்தான் உட்கார்ந்தார். மலை ஏறும்போது குளிர் தாங்கவில்லை, ஹீட்டரைப் போடச் சொன்னார். டிரைவர் வேண்டாம் என்று தலையாட்டினார், ஏன் என்று ஒழுங்காகச் சொல்லவில்லை. டீச்சர் அதட்டினார். அப்புறம்தான் போட்டார். கொஞ்ச நேரத்தில் காருக்குள் ஒரு தித்திப்பு வாசனை, பழம் புளித்த மாதிரி. முன் கண்ணாடி மங்கியது. டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. கார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போனது.

"குடிகாரனுக்கு வேற என்ன அடையாளம் வேணும்?" என்றார் டீச்சர். "பாட்டிலைக்கூட முன்னாலதான் எங்கேயோ மறைச்சு வெச்சிருந்தான். அது என் காலடியில கொட்டி, செருப்பெல்லாம் நாசம்."

அண்ணியின் பேனா நின்றது. "அந்தச் செருப்பு எங்க டீச்சர்?"

டீச்சர் பெருமையோடு எழுந்துபோய் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்தார். போலீஸுக்குக் காட்டுவதற்காகக் கட்டி வைத்திருக்கிறாராம். இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டும் பிசுபிசுப்பு போகவில்லையாம். அவ்வளவு மட்டமான சரக்காம்.

அண்ணி பையைப் பிரித்தார். செருப்பின் உள்பக்கத்தை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் பளபளத்தது. இலேசான பச்சை நிறம்.

"டீச்சர், நீங்க ஸ்பிரிட் தடவி ஊசி போட்டுக்கிட்டிருக்கீங்களா? அது காய எவ்வளவு நேரமாகும்?"

"ஊதினா போயிடும்."

"அப்போ எந்தச் சாராயம் வெயில்ல கிடந்தும் நாலு நாள் காயாம இருக்கும்?"

டீச்சர் செருப்பையே பார்த்தார். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத முகம். அண்ணி அதற்கு மேல் அவரைக் குடையவில்லை. நான்கு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, எங்களோடு கார் ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள் என்றார். டீச்சர் வந்தார். எங்கள் மேல் நம்பிக்கை வைத்து அல்ல. விடைத்தாளில் நாங்கள் எழுதியது தப்பு என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆசையில் வந்தார்.

ஷெட் ஊர்க்கோடியில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, ஐந்து கார்கள், ஒரு மூலையில் ஆறாவதாக அந்தக் கார். முன் பம்பர் நசுங்கியிருந்தது, உள்ளே வேறு சேதமில்லை. பானெட்டெல்லாம் செம்மண் அப்பிக் காய்ந்து கிடந்தது.

முதலாளி பழைய மெக்கானிக். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் டீச்சரைப் பார்த்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். எங்களைப் பார்த்து, தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்றான். போலீஸ் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வண்டியைத் தொடவே இல்லையாம்.

அண்ணி முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டார். இஞ்சின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரும் அதில் கலக்கிற கூலண்டும் இருக்க வேண்டிய இடம் வறண்டு கிடந்தது.

"கூலண்ட் எங்க போச்சு?"

"அவன் ஊத்தினாத்தானே மேடம் இருக்கும்? லீக்கான்னு நீங்களே பாருங்க, தரையில சொட்டு ஈரம் இருக்கா? தண்ணி வண்டிய விட்டு வெளிய போகல. டிரைவருக்கு உள்ள போயிடுச்சு." சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று நான் சிரித்ததும் இந்த மாதிரிதான் இருந்திருக்கும் என்று தோன்றியபோது கோபம் என் பக்கமே திரும்பியது. பச்சைத்தண்ணி என்னிடம் பேனாவை மட்டும் உடைத்தது அவருடைய நல்ல குணம்.

அண்ணி என் கைக்குட்டையைக் கேட்டு வாங்கி, முன் கண்ணாடியை உள்பக்கம் துடைத்தார். அழுக்கு வரவில்லை. எண்ணெய் மாதிரி வழுக்கியது, துடைத்த இடம் முன்பைவிட மங்கியது. அடுத்தது கால்மேட். டிரைவர் பக்கம் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் தேய்ந்து நூல் பிரிந்தவை. டீச்சர் உட்கார்ந்த பக்கத்தில் மட்டும் புத்தம் புதுசு, கடை ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது.

"இது மட்டும் புதுசா இருக்கே" என்றேன்.

"பழசு கிழிஞ்சிருந்துச்சு, மாத்தினேன்" என்றான் முதலாளி.

தொடவே இல்லை என்றாயே என்று கேட்க வாயெடுத்தேன். அண்ணி என் காலை மிதித்தார். அவர் காலை மிதித்தால், இதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

அண்ணியின் பையில் ஒரு கைப்பம்ப் உண்டு. சைக்கிளுக்குக் காற்று அடிப்பது மாதிரி இருக்கும், மேலே ஒரு முள். ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் அதை மாட்டிக் காற்றை ஏற்றினால் முள் ஏறும். எங்கேயாவது ஓட்டை இருந்தால் முள் இறங்கும். இஞ்சினை ஓட்டாமலே ஒழுகலைக் கண்டுபிடிக்கிற வித்தை. அண்ணி அடித்தார். முள் ஏறி நின்றது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து நிமிடம். முள் அசையவில்லை. பத்து நிமிடம். அசையவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்றான் முதலாளி. டீச்சர் மணியைப் பார்த்தார். மூன்று ஐந்து. புகாரை மடியில் வைத்துப் பேனா மூடியைத் திறந்தார். ஓட்டை இல்லையென்றால் பச்சைத்தண்ணி தண்ணி ஊற்றாமல் ஓட்டியவர், குடித்துவிட்டு ஓட்டியவர், இரண்டும்தான். அந்தத் தையல்காரி நாளையிலிருந்து கஞ்சிப் பாத்திரத்தைக்கூட எடுத்துக்கொண்டு வரமாட்டாள்.

அண்ணி பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கைக்குட்டையிலிருந்து கையில் ஒட்டிய பிசுக்கைக் கழுவ வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஷெட்டின் பின்பக்கம் ஒரு அடிபம்ப் இருந்தது. குழாய் இணைப்பெல்லாம் அந்தப் பக்கம் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் என்னைப் பார்த்து எழுந்துவந்தார். "இரும்மா, ஒத்தக் கையால கழுவ முடியாது. நான் தண்ணி அடிக்கிறேன், நீ கழுவு."

கையை நீட்டிய நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன சொன்னீங்க?"

"தண்ணி அடிக்கிறேன்னு சொன்னேன். ஏம்மா? பச்சைத்தண்ணி இருந்தா எனக்கு இந்த வேலையே கிடையாது. காலையில அஞ்சு மணிக்கே வந்து ரெண்டு கேன் அடிச்சு வண்டியில வெச்சுக்குவாரு. ரெண்டு வாரமா தினமும் அடிக்கிறாரு. அந்த வண்டிக்கு எவ்வளவு ஊத்தினாலும் பத்தலையாம்."

நல்லா தண்ணி அடிச்சிட்டுத்தான் கெளம்பினேன். வழியில ரெண்டு தடவ நிறுத்தி மறுபடியும் ஊத்தினேன். அப்பவும் பத்தல.

கையைக் கழுவாமலே ஓடினேன். வாட்ச்மேனையும் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

உள்ளே அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. அவ்வளவு தாழ்ந்த குரலை நான் அதுவரை கேட்டதில்லை. முதலாளி குனிந்து நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"செவ்வாய்க்கிழமையில இருந்து வண்டியைத் தொடலைன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"பானெட்டுக்குள்ள எல்லாம் செம்மண் அப்பியிருக்கு. இஞ்சின் மேல, பேட்டரி மேல, ஒவ்வொரு ரப்பர் ஹோஸ் மேலயும். இந்தக் கோடியில இருக்கிற சின்ன ஹோஸ் மேல மட்டும் ஒரு பொட்டு மண் இல்ல. கிளிப் ரெண்டும் பளபளன்னு இருக்கு. மண்மேட்டுல ஏறும்போது இது மட்டும் குடை பிடிச்சுக்கிட்டிருந்துச்சா?"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணி டீச்சர் பக்கம் திரும்பி, ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். இஞ்சினில் சூடாகிற தண்ணீர்தான் ஹீட்டருக்கும் போகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால், நீங்கள் கால் வைக்கிற இடத்துக்கு நேர் மேலே, ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதற்குப் போக ஒரு ஹோஸ், வர ஒரு ஹோஸ். அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் அந்தப் பக்கமே போகாதபடி இஞ்சினோடு இஞ்சினை இந்தச் சின்ன ஹோஸால் இணைத்திருக்கிறார்கள். அதனால்தான் முள் அசையவில்லை. ஓட்டையை அடைக்கவில்லை, ஓட்டைக்குப் போகிற வழியை அடைத்திருக்கிறார்கள்.

"வாயாடி, ஸ்பேனர்."

கொடுத்தேன். அண்ணி அந்தப் புது ஹோஸைக் கழற்றி முதலாளியின் காலடியில் போட்டார். தொங்கிக்கொண்டிருந்த பழைய ஹோஸ்கள் இரண்டையும் இழுத்து மாட்டினார். காருக்குள் ஹீட்டர் குமிழை முழுக்கத் திருப்பச் சொன்னார், திருப்பினேன். ரேடியேட்டரில் குறைந்ததை நிரப்பி மறுபடியும் காற்று அடித்தார். முள் ஏறியது, ஒரு கணம் நின்றது, சரசரவென்று இறங்கத் தொடங்கியது. காருக்கு அடியில் தரை காய்ந்தே கிடந்தது.

உள்ளேதான் சத்தம் கேட்டது. சீறல் மாதிரி ஒன்று. அப்புறம் அந்தப் புதுக் கால்மேட்டின் மேல் சொட்டுச் சொட்டாக, உள்ளே மிச்சமிருந்த கூலண்டோடு பச்சையாக விழுந்தது.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மாவுக்கட்டுக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு காருக்குள் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"இந்த வாசனைதான்" என்றார்.

அண்ணி மிச்சத்தைச் சொன்னார். கொதிக்கிற கூலண்ட் ஹீட்டரில் ஒழுகினால் ஆவியாகக் காருக்குள் அடிக்கும். தித்திப்பாக மணக்கும், கண் எரியும், கண்ணாடியில் பிசுக்காகப் படியும். துடைக்கத் துடைக்க இன்னும் மங்கும். ஹீட்டரை மூடி வைத்திருந்தவரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிந்திருக்கும், டிரைவர் தண்ணீர் ஊற்றியே ஓட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஹீட்டரைத் திறந்ததும் உடைத்துக்கொண்டது.

அதைத் திறக்கச் சொன்னது யார் என்பதை அண்ணி சொல்லவில்லை. டீச்சரே சொன்னார்.

"அவர் வேண்டாம்னு தலையாட்டினார். நான்தான் அதட்டினேன்."

முதலாளி இதற்குள் சுதாரித்துக்கொண்டான். ஹீட்டரில் ஓட்டை என்பது தனக்குத் தெரியவே தெரியாது, ஹோஸை ஷெட்டில் வேறு யாராவது மாற்றியிருப்பார்கள் என்று பூசி மெழுக ஆரம்பித்தான். நான் வாட்ச்மேனை முன்னால் தள்ளினேன்.

"ரெண்டு வாரமா பச்சைத்தண்ணி சொல்லிக்கிட்டேதானே மொதலாளி இருந்தாரு" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "தண்ணி கொறையுது, ஹீட்டரப் போட்டா கண்ணு எரியுதுன்னு. ஊத்தி ஓட்டுடான்னு நீங்கதான சொன்னீங்க. புதன்கிழமை அந்த ஈரக் கால்மேட்ட எரிக்கச் சொல்லி எங்கிட்டதான குடுத்தீங்க. நான் என்னத்தைக் கண்டேன், நாறுதேன்னு எரிச்சுட்டேன்."

அண்ணி பம்பைக் கழற்றித் துடைத்துப் பையில் வைத்தார். வைத்துவிட்டு முதலாளிக்கு மிகவும் பக்கத்தில் போய் நின்றார்.

"ரிப்பேர் பண்ணாம விட்டது உங்க சோம்பேறித்தனம். அதைக்கூட ஒத்துக்கிட்டிருக்கலாம். ஈரத்தைப் பார்த்த அன்னைக்கே உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சப்புறமும் அந்தக் குரலை எடுத்து அவர் பொண்டாட்டிக்கு அனுப்புனீங்களே, வாயில கம்பி போட்டுக் கிடக்கிற ஒருத்தர் மேல பழியப் போட்டு. அவர் பேச முடியாதுங்கிற தைரியம்தானே?"

அவன் தரையைப் பார்த்தான். எனக்கு அவனை ஓர் அறை விட வேண்டும் போலக் கை பரபரத்தது. பிசுக்குக் கையாக இருந்தது, அவன் கன்னம் நாலு நாளைக்குக் காயாமல் இருந்திருக்கும். ஆனால் எனக்கு முன்னால் டீச்சர் அவன் அருகே போய்விட்டார். அடிக்கவில்லை. அவன் எடுத்துப் போட்ட நாற்காலியை ஒற்றைக் கையால் மடக்கி, அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் என்னிடம் வந்தார். அந்தக் குரல் பதிவை ஒருமுறை போடச் சொன்னார். போட்டேன். வாட்ச்மேன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், அவருக்கு அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. தினமும் காலையில் கேட்கிற பேச்சுதான் அது.

டீச்சர் புகாரை இரண்டாக மடித்தார். "பத்தாவது படிக்கிறப்போ உன்னை ஒரு நாள் வெளிய நிக்க வெச்சேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"என்ன பாடம்?"

"இலக்கணம் டீச்சர்."

"இரட்டுறமொழிதல். ஒரே சொல் ரெண்டு பொருள் தர்றது. உதாரணம் கேட்டேன். நீ எழுந்து என்ன சொன்ன?"

இருபத்து மூன்று வருடம் கழித்து அது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது, டீச்சர் முகம் சிவந்தது, கதவுப் பக்கம் நீண்ட விரல், எல்லாம்.

"தண்ணி அடிக்கிறது, டீச்சர்" என்றேன்.

"முப்பது வருஷம் நடத்தினேன்" என்றார் அவர். தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். "ஒரு மனுஷன் தண்ணி அடிச்சேன்னு சொன்னதும் எனக்கு ஒரே பொருள்தான் கேட்டுது." அவருக்குத் தன் மேல் வந்த கோபம் முதலாளி மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது. அந்த விஷயத்தில் எனக்கும் மதிப்பெண் கிடையாது. உதாரணத்தைச் சொன்னவளே நான், முந்தின நாள் அதே வரியைத் தாளில் படித்துவிட்டுச் சிரித்தவளும் நான்.

நான்கு மணிக்கு டீச்சர் சொன்னபடியே போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார். புகாரின் முன்பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டுப் பின்பக்கங்களில் எழுதினார். இந்தத் தடவை குற்றம் செய்தவர் பெயர் வேறு. செருப்புப் பையையும் அந்தச் சின்ன ஹோஸையும் மேஜை மேல் வைத்தார். எழுத்து அதே எழுத்துதான், தாள் இன்னும் அதிக இடங்களில் கிழிந்தது.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. தையல்காரி வழக்கம்போல வாசல் கேட்டுக்கு வெளியே கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

"அடிபம்ப்ல தண்ணி அடிச்சிருக்காரு, வண்டிக்கு ஊத்த" என்றார் அண்ணி. "குடிக்கல."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. நாலு நாள், நாலு நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கஞ்சிப் பாத்திரத்தின் மூடியை ஓங்கி ஓங்கி அழுத்தினாள், அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது. பிறகு எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

பச்சைத்தண்ணி கண் விழித்திருந்தார். முதலில் டீச்சர்தான் பேசினார். சுற்றி வளைக்காமல், நான் தப்பாச் சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க, ஸ்டேஷன்ல மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன் என்றார். அவர் கையை ஆட்டி, பரவாயில்லை என்று காட்டினார். டீச்சரின் மாவுக்கட்டைச் சுட்டி, எப்படி இருக்கிறது என்று ஜாடையில் கேட்டார். நானும் மன்னிப்புக் கேட்டேன். எனக்கும் அதே கையாட்டல் கிடைத்தது, முதலாளியின் பெயரைச் சொன்னபோதுகூட உதட்டைச் சுழித்ததோடு சரி.

கடைசியாக மனைவியைப் பார்த்தார். அவள் கட்டிலின் கால்மாட்டில் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனாவுக்காகக் கையை நீட்டினார். நேற்று உடைத்ததற்கு ஈடாக அண்ணி ஒரு புதுப் பேனா வாங்கி வைத்திருந்தார். அவர் தாளைத் தொடை மேல் வைத்து நிதானமாக எழுதினார், எழுதியதை அவளுக்கு மட்டும் தெரியும்படி திருப்பிப் பிடித்தார். எட்டிப் பார்ப்பது என் தொழில், பார்த்துவிட்டேன்.

"நீயும் நம்பினியா?"

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவர் தாளை இறக்கவில்லை. அண்ணி டீச்சருக்கு ஜாடை காட்டிவிட்டு, என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். வராந்தாவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.